பந்தயத் திடலில் எங்கே நிற்பது?

சித்திரை மாதம் வந்துவிட்டால் கிண்ணியாவிலிருந்தும் குறிஞ்சாக்கேணியிலிருந்தும் மலைநாட்டுக்கு வேன்கள் புறப்படத் தொடங்கிவிடுகின்றன. கீழே வெயில் தகிக்கும்போது மேலே நுவரெலியாவில் குளிர். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார்ப் பந்தயம் என்று அந்த ஊரே விழாக்கோலம் பூண்டிருக்கும். குடும்பத்தோடு போவோரும் உண்டு. நண்பர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து கூடாரத்தையும் சட்டி பானையையும் ஏற்றிக்கொண்டு போவோரும் உண்டு. "மௌலவி, கார்ப் பந்தயம் பார்க்கலாமா?" என்ற கேள்வி அந்த நாட்களில் தவறாமல் வரும். பெண்களுக்கான மார்க்க வகுப்பிலும் வரும். ஆனால் அங்கே அது வேறு விதமாகக் கேட்கப்படும். "மகன் போகணும் எண்டு நிக்கிறான், விடலாமா மௌலவி?"

ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவது எளிது. ஆனால் நமது மார்க்கம் பந்தயத்தை அப்படி ஒரே சொல்லில் தள்ளிவிடவில்லை. நபி (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். பயிற்சி கொடுத்து மெலிய வைக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட ஓட்டம். அது ஐந்து அல்லது ஆறு மைல் தூரம். பயிற்சி இல்லாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய ஓட்டம், ஏறக்குறைய ஒரு மைல். இப்னு உமர் (ரலி) அவர்கள் அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டவர்களில் ஒருவர். புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் இச்செய்தி இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபியவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதன்முறை அன்னையவர்கள் வென்றதும், பிற்காலத்தில் மற்றொரு பயணத்தில் நபியவர்கள் வென்று, அதற்கு இது சரியாகிவிட்டது என்று சொன்னதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. சகோதரிகள் பலருக்கு இந்தச் செய்தி தெரியும். அது ஒரு பயணத்தின் இடையில் நடந்தது என்பதும், கூட வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டுத்தான் நபியவர்கள் ஓடினார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது.

நமது இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள்தாம் பந்தயத்தின் சட்டங்களைத் தனிப் பாடமாக முதலில் தொகுத்தவர்கள் என்று மத்ஹபின் நூல்களில் சொல்லப்படுகிறது. அந்தப் பாடத்தின் சாரம் இதுதான். போட்டியாளர்கள் இருவரும் ஆளுக்கொரு தொகை வைத்து, வென்றவன் எடுத்துக்கொள்வது சூதாட்டம். வெளியார் ஒருவர் பரிசு கொடுத்தால் அது சூதாகாது. எந்தெந்தப் போட்டிக்குப் பரிசு ஆகும் என்பதில் உலமாக்களிடையே நீண்ட பேச்சு உண்டு. அதை இங்கே விரிக்க இடமில்லை. பார்க்கப் போகிறவர் பணம் கட்டினால் அதில் கருத்து வேறுபாடே இல்லை, ஹராம். நுவரெலியாவில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆகவே மகன் எந்தப் பந்தயத்துக்குப் போகிறான், சட்டைப் பையில் எவ்வளவு கொண்டு போகிறான் என்று தாய் கேட்பதில் தவறொன்றுமில்லை.

இனிக் கார்ப் பந்தயத்துக்கு வருவோம். நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டில் ஆரம்பமானது. வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் காலத்துப் பழக்கம். தேயிலைத் தோட்டத்தின் ஊடாக வளைந்து வளைந்து மேலே போகும் ஒடுக்கமான பாதைதான் அதன் களம். கார்கள் கூட்டமாக முட்டி மோதிக்கொண்டு ஓடுவதில்லை. ஒவ்வொன்றாக அடிவாரத்திலிருந்து புறப்பட்டு உச்சிக்குப் போகும். யார் குறைந்த நேரத்தில் ஏறினார் என்று கணக்கிடுவார்கள். நமது தீவில் இப்படிப் பழமை வாய்ந்த களங்கள் வேறும் உண்டு. களுத்துறைக்கு அருகில் உள்ள கட்டுக்குருந்தை, இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தளமாக இருந்த இடம். சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்திலும் போர்க்கால ஓடுபாதையில்தான் பல்லாண்டுகள் கார்கள் ஓடின. இருங்காட்டுக்கோட்டையில் தனித் திடல் அமைந்தது 1990ஆம் ஆண்டை ஒட்டித்தான். இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோன் திடலும் பழைய விமானத் தளமே. போர் முடிந்து வெறுமையாகக் கிடந்த தார்த் தரைகளைப் பார்த்ததும் வேகப் பிரியர்களுக்குக் கை துறுதுறுத்திருக்கிறது. சீனன்குடா ஓடுபாதைக்கு அருகில் வாழும் நமக்கு அந்தத் தரையின் நீளமும் அகலமும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு சித்திரை விடுமுறையில் நண்பர்கள் மூவரோடு இந்த மலையேற்றப் பந்தயத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பாடசாலை ஆசிரியர் ஒருவர், மோட்டார் கராஜ் வைத்திருப்பவர் ஒருவர், மீன் வியாபாரி காக்கா ஒருவர். எங்கள் பையன்கள் மூவரும் கூட வந்தார்கள். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, றம்பொடை என்று இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளும்படி ஹதீஸில் வந்திருக்கிறது. மௌலவி என்பதால் என்னைத்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். மீன்காரக் காக்காவைத்தான் எல்லாரும் சொன்னார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழும் பழக்கம் அவருக்குத்தானே இருக்கிறது! அவர் அமீரானது எவ்வளவு நல்லதாயிற்று என்பது பிறகு தெரிந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் வீட்டில் என்னிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி. சாப்பாடு பற்றியல்ல, குளிர் பற்றியும் அல்ல. "அங்க புள்ளயள எங்க நிப்பாட்டப் போறீங்க?" என்பதுதான் அது.

இந்தக் கேள்வி எங்கள் ஊரில் சும்மா பிறப்பதில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் குறிஞ்சாக்கேணியில் இழுவைப்படகு கவிழ்ந்தது. பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் அக்கரைக்குப் போக மக்கள் நம்பியிருந்த படகு அது. பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் பெரியவர்களும் அதில் மவுத்தானார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அன்றிலிருந்து எங்கள் பெண்கள் எந்தப் பயணத்துக்கும் முதலில் கேட்பது இடத்தையும் ஏற்றத்தையும் பற்றித்தான்: எதில் ஏறுகிறார்கள், எத்தனை பேர் ஏறுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள். இந்தக் கேள்வியைப் பயந்த சுபாவம் என்று சிரித்துத் தள்ளும் ஆண்களும் இருக்கிறார்கள். பந்தயங்களின் வரலாறு தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்து பத்து நாட்கள்தாம் ஆகியிருந்தன. தியத்தலாவையில் இராணுவ எக்கடமி நடத்தும் பொக்ஸ் ஹில் பந்தயம் சில ஆண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் நடந்தது. 1993இலிருந்து நடந்துவரும் பந்தயம் அது. திரளான மக்கள் கூடியிருந்தனர். ஓடிய கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்கள் நின்ற பக்கம் பாய்ந்தது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவர்களில் இருந்தாள். போட்டிக்கு உதவியாக நின்றவர்களும் இருந்தார்கள். இருபது பேருக்கும் மேல் காயமடைந்தார்கள்.

இது நமது நாட்டில் மட்டும் நடந்ததல்ல. 1955 ஜூன் 11இல் பிரான்ஸ் நாட்டின் லெ மான் திடலில் ஒரு மெர்சிடிஸ் கார் தூக்கியெறியப்பட்டுக் கூட்டத்துக்குள் சிதறியதில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு சுவிட்சர்லாந்து தன் நாட்டில் சுற்றுப் பந்தயங்களையே தடைசெய்தது. 1957 மே 12இல் இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தில், பொது வீதியோரம் நின்று பார்த்த ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். காரில் இருந்த இருவரும் இறந்தனர். அத்துடன் அந்த வேகப் பந்தயம் நின்றது. பழைய கார்களை வைத்துக்கொண்டு நேரக் கட்டுப்பாட்டோடு ஓட்டும் ஊர்வலம் போன்ற ஒன்றாகத்தான் அதன் பெயர் இன்று உயிரோடு இருக்கிறது.

களத்தில் கராஜ்கார நண்பர் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். எந்தக் கிதாபிலும் நான் படிக்காத பாடம். "வளைவில டயர் பிடி விட்டுட்டா கார் வளையாது. வந்த திசையிலேயே நேரா போகும். அதனால வளைவோட வெளிப்பக்கம் நிக்கிறவன்தான் முதல் ஆள்" என்றார். ஆனால் காட்சி நன்றாகத் தெரிவதும் அங்கேதான், ஆகவே கூட்டம் சேர்வதும் அங்கேதான்! உட்பக்கமும் பத்திரமில்லை, சுழன்று வரும் கார் எந்தப் பக்கமும் வரலாம் என்றார். தடத்தை விட நல்ல உயரமான மேட்டில், இடையில் தடுப்பு இருக்கும்படி, பின்னால் விலகிப் போக வழியுள்ள இடத்தில் நிற்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். கண் பார்த்து, மனம் அறிந்து, கால் நகர்வதற்குள் அந்தக் கார் நம் பள்ளிவாசல் முன்றலின் நீளத்தைக் கடந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் அடியின் வலு நான்கு மடங்காகும். கயிறு கட்டியிருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. கயிறு ஆட்களை நிறுத்தும், காரை நிறுத்தாது.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு நினைவுக்கு வந்தது. பந்தய முடிவிடம் பனூ ஸுரைக் பள்ளிவாசல். அவர்கள் ஏறி வந்த குதிரை அங்கே நிற்கவில்லை. அவர்களைச் சுமந்தபடியே தாவி அப்பால் போய்விட்டது. முடிவுக் கோட்டில் குதிரையும் நிற்பதில்லை, காரும் நிற்பதில்லை. அந்தச் சுவரோரத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்னவாகியிருக்கும்?

இன்னொன்றையும் கவனித்தேன். கார்களை இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்துத் தனித்தனி வகுப்பாகப் பிரித்துத்தான் ஓட விடுகிறார்கள். பயிற்சி பெற்ற குதிரைக்கு ஒரு தூரம், பெறாத குதிரைக்கு ஒரு தூரம் என்று நபியவர்கள் பிரித்தது போலவே. பழைய மொரிஸ் மைனரைப் புதிய ஜப்பான் காரோடு யாரும் ஓட விடுவதில்லை.

நாங்கள் நின்ற மேட்டிலிருந்து பாதையின் பாதிதான் தெரிந்தது. பையன்களுக்கு மனக்குறைதான். ஒருவன், "வாப்பா, அந்த வளைவுக்குப் போனா நல்லாத் தெரியும்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். அமீர் காக்கா ஒரேயொரு முறை திரும்பிப் பார்த்தார், அத்தோடு அடங்கினான். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு குடும்பத்தையும் கண்டோம். அந்தச் சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் நெடுநேரம் இருப்பது பெரியவர் காதுக்கே கேடு. பந்தயக் கார் அதைவிட எவ்வளவோ அதிகமாகக் கத்தும். கைக்குழந்தை உள்ள சகோதரிகள் அந்த நேரத்தில் விக்டோரியா பூங்காவில் இருந்துகொள்வதே மேல்.

இரவுக் கதைக்கு வருகிறேன். தெரிந்தவர் ஒருவரின் மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் கூடாரம் அடித்தோம். முதலில் பையன்கள் தெரிவு செய்த இடம் வாகனங்கள் போகும் பாதையின் ஓரம். சமதரையாக இருந்ததால் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்குங்கள், அது பிராணிகள் நடமாடும் வழியும் விஷ ஜந்துக்கள் ஒதுங்கும் இடமுமாகும் என்ற கருத்தில் முஸ்லிம் கிரந்தத்தில் ஒரு ஹதீஸ் உண்டு. அதைச் சொல்லித்தான் அவர்களை உள்ளே நகர்த்தினேன். ஸஹாபாக்கள் முன்பெல்லாம் தங்குமிடங்களில் ஆளுக்கொரு பள்ளத்தாக்காகச் சிதறித் தங்குவார்களாம். அது ஷைத்தானின் வேலை என்று நபியவர்கள் கண்டித்த பிறகு, ஒரே துணியை விரித்தால் எல்லாரையும் மூடிவிடலாம் என்னும் அளவுக்கு நெருங்கித் தங்கினார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. ஓர் இடத்தில் இறங்கும்போது ஓதும் பாதுகாப்பு துஆவை நமக்கு அறிவித்தவர் ஒரு பெண், கவ்லா பின்த் ஹகீம் (ரலி) அவர்கள். பிள்ளைகளுக்கு அதை மனனமிட வைத்து அனுப்புவது தாய்மாரின் கையில் இருக்கிறது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அந்தக் குளிர் புதியது. சமைத்து முடித்த அடுப்பில் கரி தணலாகக் கிடந்தது. அதை ஒரு சட்டியில் அள்ளிக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டால் கதகதப்பாகத் தூங்கலாம் என்று பையன்கள் திட்டம் போட்டார்கள். அமீர் காக்கா கண்டுகொண்டார். "தணலெல்லாம் வெளியே, ஆட்கள் உள்ளே" என்று சொல்லித் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றி அணைத்தார். சகோதரிகளே, இதைக் கொஞ்சம் அழுத்தியே எழுத வேண்டியிருக்கிறது. அடைத்த இடத்தில் கரி எரிந்தால் காபன் மொனொக்சைட் என்னும் வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, இருமலும் வராது. தலைவலிக்கும், தூக்கம் வரும், பிறகு எழும்ப முடியாது. கூடாரமோ அறையோ வேனோ எதுவானாலும் தணலை உள்ளே கொண்டுபோகக் கூடாது. எஞ்சினை ஓட விட்டு மூடிய வேனுக்குள் தூங்குவதும் இதே ஆபத்துத்தான். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு ஆட்களோடு எரிந்த செய்தி நபியவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு உங்களுக்கு எதிரி, தூங்குமுன் அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் ஏவியதாகப் புகாரியில் இருக்கிறது. குளிருக்குக் கம்பளிச் சட்டை, காலுறை, தலைக்குத் தொப்பி, தரைக்குத் தடித்த பாய். இவற்றை மூட்டை கட்டிக் கொடுங்கள். மேலே இருந்து வரும் குளிரைவிடத் தரையிலிருந்து ஏறும் குளிர்தான் அதிகம் என்பதை அன்றிரவு அனுபவித்தோம். சுபஹுக்கு வுழூச் செய்த தண்ணீரைப் பற்றி நான் எழுதாமல் விடுகிறேன்!

பந்தயத்தை விடப் பயப்பட வேண்டியது போக வர உள்ள வீதி. 2025 மே 11இல் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நுவரெலியா போகிறவர்கள் இறங்கி ஏறும் மலைப்பாதை அதுதான். இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு விடியலில் ஸ்டியரிங் பிடிக்கும் சாரதியிடம் பிள்ளைகளை ஒப்படைக்கக் கூடாது. அவர் தூங்கினாரா என்று கேளுங்கள். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

பந்தயம் பார்த்துத் திரும்பிய பிறகு உள்ள சில நாட்கள் இன்னும் கவனமானவை. கண்ணுக்குள் கார் ஓடிக்கொண்டிருக்கும். கையில் மோட்டார் சைக்கிள் இருக்கும். பெருநாள் மாலைகளில் நமது பிரதான வீதியில் பையன்கள் எப்படிப் பறக்கிறார்கள் என்பதை எல்லாத் தாய்மாரும் கண்டிருக்கிறீர்கள். மலையில் ஓடுகிறவனுக்கு வீதி மூடப்பட்டிருக்கிறது. எதிரே எவரும் வருவதில்லை. கூரை நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் கூடு, தோளோடு சேர்த்துக் கட்டிய பட்டி, ஹெல்மெட், தீயணைக்கும் கருவி எல்லாம் இருக்கின்றன. மஞ்சள் கொடி காட்டினால் ஆபத்து என்று வேகம் குறைக்கிறான், சிவப்புக் கொடி காட்டினால் நிற்கிறான். ஓடி முடிந்ததும் ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நிற்கிறது. நம் பையனுக்கோ காலில் ரப்பர்ச் செருப்பு, பின்னால் இரண்டு நண்பர்கள், ஹெல்மெட் எண்ணெய்த் தாங்கியின் மேல்! கராஜ்கார நண்பர் இந்த ஒப்பீட்டைத் தன் மகனுக்குக் களத்திலேயே, ஒரு காரின் உட்பக்கத்தைக் காட்டி விளக்கினார். நூறு தடவை வீட்டில் திட்டுவதைவிட அது உறைத்தது என்றே நினைக்கிறேன். ஆகவே போக அனுமதி கொடுப்பவர்கள் பையன்களைத் தனியே அனுப்பாமல், வண்டி தெரிந்த பெரியவர் ஒருவரோடு அனுப்பலாம்.

நபியவர்களின் பயணம் ஒன்றில் அன்ஜஷா என்பவர் பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போனார். அவருக்கு இனிய குரல். அவர் பாடப் பாட ஒட்டகங்கள் வேகம் பிடித்தன. நபியவர்கள் அவரை நிறுத்தி, மெதுவாக, மேலே இருப்பவை கண்ணாடிப் பாத்திரங்கள் என்ற பொருள்படச் சொன்னார்கள். புகாரியில் உள்ள செய்தி. நமது வேன்களில் பாட்டு முழங்க முழங்கச் சாரதியின் கால் கீழே போவதைக் கண்டிருப்பீர்கள். பின் ஆசனத்திலிருந்து அதைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை இருக்கிறதா என்று வகுப்பில் ஒரு சகோதரி கேட்டார். நபியவர்களே அவர்களுக்காகச் சொல்லியிருக்க, அவர்கள் தமக்காகச் சொல்வதை யார் தடுப்பது?

கடைசியாக, வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் தொழுகை விடயம். நுவரெலியாப் பயணம் கஸ்ருக்குரிய தூரத்தை விட மிக அதிகம். லுஹர், அஸர், இஷா இரண்டிரண்டாகத் தொழலாம். லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். சுபஹும் மஃரிபும் சுருங்குவதில்லை. போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் முழுமையாகத் தங்கும் நிய்யத் இருந்தால் அங்கே போய்ச் சேர்ந்ததும் கஸ்ர் இல்லை. சூதுக்காகவோ குடிக்காகவோ புறப்பட்டவருக்கு ஷாபிஈ மத்ஹபில் இந்தச் சலுகையே கிடையாது. சில சகோதரிகள் வேன் வாசலில் வந்து நின்றதும் அவசரத்தில் வீட்டிலேயே லுஹரை இரண்டாகத் தொழுதுவிடுகிறார்கள். அது கூடாது. வண்டி ஊர் எல்லையைக் கடந்த பிறகுதான் கஸ்ர் ஆரம்பமாகிறது. திரும்பி வரும்போது எல்லைக்குள் வண்டி நுழைந்ததும் அது முடிந்துவிடுகிறது. இஷாவை வழியில் தொழவில்லையென்றால், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் வீட்டில் நான்காகத்தான் தொழ வேண்டும்.